வாசல்படி பெயர்கிறதா? பூசினால் போதுமா, இடித்துக் கட்ட வேண்டுமா?

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, வாசல்படியில் பெயர்ந்த இடத்திலும் ஒரு கரண்டி சிமென்ட்டை அப்பிவிடுவது பல வீடுகளில் வழக்கம். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அந்தப் பூச்சு தனியாகக் கழன்று வந்துவிடும். மறுபடியும் ஒரு கரண்டி சிமென்ட்!

செலவு சின்னதுதான். ஆனால், அதே படியில்தான் தாத்தா தடுமாறி இறங்குகிறார். பாட்டி சாயங்காலம் உட்கார்ந்து எழுகிறார். முனை உடைந்த ஒரு படி, வயதானவர்களின் இடுப்பு எலும்பை முறித்துவிட்டால், அதன்பிறகு அவர்களின் நடமாட்டமே முடங்கிப்போகலாம். அதனால், பூசுவதற்கு முன்பு படி ஏன் பெயர்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

ஏன் பெயர்கிறது?

நம் ஊர் வாசல்படிகள் பெரும்பாலும் இரண்டு வகை. செங்கல் கட்டி மேலே சிமென்ட் பூசியது ஒன்று. கம்பி கட்டி கான்கிரீட் போட்டது இன்னொன்று. செங்கல் படியில், மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தோடு உப்பும் ஏறும். அது வெள்ளையாகப் பூத்து, பூச்சை வெளியே தள்ளும்.

கான்கிரீட் படியில் வில்லன், துரு. மழைத்தண்ணீரும் தினமும் வாசல் தெளிக்கும் தண்ணீரும் விரிசல் வழியாக இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் தேவை. அதனால் உள்ளேயிருந்தே நெம்பி கான்கிரீட்டைப் பிளக்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதை இன்னும் வேகப்படுத்தும். உள்ளே துரு இருக்கும்வரை, மேலே எத்தனை முறை பூசினாலும் நிற்காது.

சுத்தியலால் தட்டிப் பாருங்கள்

சின்ன சுத்தியலால் படி முழுக்க லேசாகத் தட்டினால், கெட்டியான இடத்தில் 'கணீர்' என்று சத்தம் வரும். உள்ளே விட்டுப்போன இடத்தில் 'பொத் பொத்' என்று கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

ஓரிரு இடங்களில் மட்டும் சத்தம் மாறினால், பூச்சு வேலையே போதும். பாதிப் படிக்கு மேல் 'பொத்' சத்தம் கேட்டாலோ, கம்பி மெலிந்து செதில் செதிலாக உதிர்ந்தாலோ, வீட்டுச் சுவரை விட்டுப் படி விலகியிருந்தாலோ, இடித்துக் கட்டுவதுதான் வழி. சுவரை விட்டு விலகுகிறது என்றால், அடியில் மண் இறங்குகிறது என்று அர்த்தம். அடிப்பக்கம் காலியாக, தாங்கிப்பிடித்து நிற்கும் படியில் கம்பி தெரிந்தால், பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடுவது பாதுகாப்பு.

பூசுவது எப்படி?

* விட்டுப்போன பகுதியைக் கெட்டியான இடம் வரும்வரை கொத்தி எடுக்க வேண்டும். ஓரங்களைச் சரிவாக விடாமல், அரை அங்குல ஆழத்துக்காவது நேராக வெட்ட வேண்டும். காகிதம்போல மெலிந்த ஓரம்தான் முதலில் பெயரும்.
* கம்பி தெரிந்தால், அதைச் சுற்றிலும் ஓர் அங்குலம் கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும்.
* தூசியைக் கழுவி, இடத்தை நன்றாக நனைத்துவிட்டு, தேங்கிய தண்ணீரைத் துடைக்க வேண்டும். பிறகு, பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான கெமிக்கல் கலந்த சிமென்ட் பாலைத் தடவி, அது காய்வதற்குள் கலவையைப் பூச வேண்டும்.

இடித்துக் கட்டினால்...

அஸ்திவாரம் தோண்டிய மண்ணைக் கொட்டி, அதன் மேலேயே படி கட்டிவிடுவது உண்டு. அந்த மண் இறங்கும்போது படியும் இறங்கும். எனவே, தளர்ந்த மண்ணை எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டியாக்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

அடுத்தது உயரக் கணக்கு. புதிதாகச் சாலை போடும்போதெல்லாம் தெரு உயர்ந்து, கீழ்ப்படி பாதி புதைந்துபோன வீடுகள் நிறைய. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிது போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் உத்தரவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். தெருவிலிருந்து வீட்டுத் தளம் 26 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 6 அங்குலத்தில் நான்கு படியும், மீதி 2 அங்குலத்தில் ஒரு குட்டிப் படியும் கட்டினால், கால் இடறுவது அந்தக் குட்டிப் படியில்தான். நான்கு படிகளையும் ஆறரை அங்குலமாகக் கட்டினால் பிரச்னை இல்லை. மேலே ஒட்டும் கல்லின் கனத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது. கால் வைக்கும் அகலம் 12 அங்குலம் இருந்தால் பெரியவர்களுக்கு வசதி.

தண்ணீர் தேங்காமல் ஓட, ஒரு அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்தால் போதும். வாசல் தெளிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. பளபளப்பான டைல்ஸும் பாலிஷ் கிரானைட்டும் ஈரத்தில் வழுக்கும். சொரசொரப்பான கல்லே வாசலுக்கு ஏற்றது. கைப்பிடிக்கான குழாயையும் கான்கிரீட் போடும்போதே பதித்துவிடலாம்.

தண்ணீர்: கலவையில் குறைவு, பிறகு நிறைவு

வேலை சுலபமாக இருக்கும் என்று கலவையில் தண்ணீரை அள்ளி ஊற்றினால், கான்கிரீட் பலம் இழக்கும். படிக்குப் போடும் 1:1½:3 கலவையில், 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர்தான் வரம்பு. உப்புத்தண்ணீர் கூடவே கூடாது.

போட்டு முடித்த பிறகோ தாராளம் தேவை. ஈரச் சாக்கைப் போர்த்தி, குறைந்தது 7 நாள்கள், பி.பி.சி. சிமென்ட் என்றால் 10 நாள்கள், காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொத்தனார் கிளம்பிய பிறகு இது வீட்டில் உள்ளவர்களின் பொறுப்பு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், படி தயாராகும்வரை எந்த வழியாக வந்துபோவது என்பதையும், வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளே முடிவு செய்துவிடுங்கள்.