அதிர்வு தாங்காத அதிர்வுதாங்கி

சொல்லுக்கும் பொருளுக்கும் உறவு அறுந்துபோன இடங்களைக் கவிதையிலும் மேடைப்பேச்சிலும் மட்டுமே தேடுவது நம்மைப் போன்ற வாசகர்களின் பழக்கம். இம்முறை அதைச் சைக்கிள் கடை வாசலில் தேடலாம் என்று அழைக்கிறேன். திருச்செந்தூரிலோ ஆறுமுகநேரியிலோ உடன்குடியிலோ ஏதேனும் ஒரு கடையின் முன் நின்று, வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் சிறுவர் வண்டிகளைப் பாருங்கள். அவற்றுள் சிலவற்றில் இருக்கைக்குக் கீழே, சட்டத்தின் நடுவில், சிவப்போ மஞ்சளோ பூசிய தடித்த கம்பிச்சுருள் ஒன்று கண்ணைப் பறிக்கும். அதற்கு ஷாக் அப்சார்பர் என்று பெயர். அதைத் தாங்கிய வண்டிக்கு மவுண்டன் பைக் என்று பெயர். மலிவு விலையில் விற்கும் இவ்வகை வண்டிகளைப் பொறுத்தவரை இவ்விரு பெயர்களும் பொய் என்பதே என் வாதம்.

இரண்டாவது பொய்யை முதலில் பார்ப்போம். குன்றுதோறாடும் குமரன் குன்றை விட்டுக் கடற்கரையில் கோயில் கொண்ட ஊர் இது. பொதிகையில் பிறந்த தாமிரபரணி, மலையின் நினைவையெல்லாம் வயல்களில் கரைத்துவிட்டு, பக்கத்துப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. இந்த வட்டாரத்தில் மேடு என்று சொல்லத்தக்கவை காயாமொழி, குதிரைமொழிப் பக்கத்துத் தேரிகள்தாம். காற்று குவித்த, இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த மணல்மேடுகள். அந்த மணலில் எந்த ஸ்பிரிங்கும் வண்டியைக் காப்பாற்றாது. அகன்ற டயரும் குறைந்த காற்றழுத்தமும் இருந்தால் கொஞ்ச தூரம் போகலாம். இல்லாவிட்டால் இறங்கித் தள்ளவேண்டியதுதான்.

மலைச்சைக்கிள் என்ற பொருள் எப்படிப் பிறந்தது என்பதையும் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் கவுண்டி என்னும் பகுதியில், சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, காட்டுப்பாதையில் இறக்கி ஓட்டினார்கள். 1976இல் அங்கே தொடங்கிய ‘ரீபேக்’ பந்தயத்தில் ஏறத்தாழ 1300 அடி இறக்கம். பிரேக் சூடேறி, பின்சக்கர ஹப்பிலிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் மீண்டும் கிரீஸ் அடைக்கவேண்டும். பந்தயத்தின் பெயரே அதிலிருந்துதான் வந்தது. அந்த விளையாட்டில் முன்போர்க்கு அதிர்வுதாங்கி பரவலானது 1990ஐ ஒட்டி, ‘ராக்ஷாக்ஸ்’ வந்த பின்னர்தான். பின்சக்கரத்துக்கான அதிர்வுதாங்கியும் அந்த ஆண்டுகளில்தான் பந்தயக்களத்தில் வேரூன்றியது. அங்கே தேவை முந்தியது, கருவி பிந்தியது. நம் கடைவாசலில் கருவியின் உருவம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. தேவையும் வரவில்லை, கருவியின் உயிரும் வரவில்லை.

உயிர் என்று நான் சொல்வது எண்ணெயை. இது உருவகமன்று. ஸ்பிரிங் அதிர்வை விழுங்குவதில்லை; வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தருகிறது. பள்ளத்தில் விழும்போது அமுங்கும் சுருள், மறுகணம் அதே வேகத்தோடு ஓட்டுபவரை மேலே தூக்கி எறியும். பிறகு ஓயும்வரை ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதற்காகவே உண்மையான அதிர்வுதாங்கிக்குள் ஒரு குழாயும், அதற்குள் எண்ணெயும், சிறு துளைகளுள்ள பிஸ்டனும் இருக்கின்றன. எண்ணெய் அந்தத் துளைகளின் வழியே பிதுங்கிச் செல்லும்போது அதிர்வின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. விழுங்குதல் என்ற வினை நடப்பது அங்கேதான். மோட்டார் சைக்கிளிலும் காரிலும் நடப்பது இதுவே. மலிவுச் சைக்கிளில் இருப்பதோ ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு சுருள், இருமுனையிலும் ஒரு போல்ட். விழுங்கும் வாய் இல்லாத பொருளுக்கு விழுங்கி என்று பெயர்.

இதில் ஒரு கணக்கும் உண்டு. இவ்வகைச் சுருள்களில் 750 என்ற எண் அடிக்கடி பொறிக்கப்பட்டிருக்கும். அதை ஓர் அங்குலம் அமுக்க 750 பவுண்டு விசை வேண்டும் என்பது பொருள். 40 கிலோ எடையுள்ள ஒரு சிறுவன் ஏறி அமர்கிறான் என்று வைத்துக்கொள்வோம், 88 பவுண்டு. அதில் அறுபது விழுக்காடு பின்சக்கரத்தின்மேல் இறங்கினால் 53 பவுண்டு. நெம்புகோல் விகிதம் இரண்டு என்று கொண்டால் சுருளின்மேல் விழுவது 106 பவுண்டு. சுருள் அமுங்குவது மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சக்கரம் அசைவது ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர். இரண்டு அங்குல டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தாலே கிடைக்கக்கூடிய சொகுசு இது. ஆக, கடினமான சுருள் சிறுவனுக்குச் சும்மா நிற்கிறது. மென்மையான சுருளைப் போட்டாலோ, தணிக்க எண்ணெய் இல்லாததால், ஒவ்வொரு மிதிக்கும் வண்டி குதிக்கிறது. காலின் உழைப்பில் ஒரு பங்கு வண்டியை முன்னே தள்ளாமல் இருக்கையை மேலும் கீழும் ஆட்டுவதில் கழிகிறது. ஆடி மாதத்துக் காற்றை எதிர்த்துப் பள்ளிக்கு மிதிக்கும் பிள்ளைக்கு அந்தப் பங்கு சிறியதன்று.

இவ்வளவும் வெறும் வீண் என்ற அளவில் நின்றிருந்தால் நான் எழுதப் புகுந்திருக்க மாட்டேன். அலங்காரம் யாருக்கும் தடைசெய்யப்பட்ட ஒன்றல்லவே. ஆனால் இந்த அலங்காரம் ஒன்றைப் பறித்துக்கொண்டு வருகிறது. அது கேரியர்.

பின்சக்கரத்தைத் தாங்கும் பகுதி கீலில் ஆடுகிறது. இருக்கையைத் தாங்கும் பகுதி ஆடாமல் நிற்கிறது. இரண்டையும் இணைத்துப் பொருத்தப்படும் சாதாரண கேரியருக்கு இங்கே இடமில்லை. இருக்கைக் குழாயில் மட்டும் கவ்வி நிற்கும் கேரியர்கள் ஏறத்தாழ பத்துக் கிலோவுக்கு மேல் தாங்குவதில்லை. இதன் பொருளை இந்த வட்டாரத்து மனிதர்களைக் கொண்டு யோசியுங்கள். உடன்குடிக் கருப்பட்டி, ஆத்தூர் வெற்றிலைக் கட்டு, ஆலந்தலையிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் கரையேறும் மீன், ஆறுமுகநேரி உப்பளத்துக்குப் போகிறவரின் சோற்றுவாளி, ரேஷன் அரிசி, சமையல் எரிவாயு உருளை, தங்கச்சி. இவற்றில் எதையும் அந்த வண்டி சுமக்காது. பள்ளிப் பையே பிள்ளையின் முதுகில்தான் தொங்குகிறது. முதுகுக்குச் சொகுசு என்று சொல்லி விற்கப்பட்ட வண்டி, முதுகின்மேல் சுமையை ஏற்றிவைத்திருக்கிறது.

நடுத்தர வீட்டில் பொழுதுபோக்குக்கு வாங்கும் வண்டியைப் பற்றி நான் பேசவில்லை. ஒரே ஒரு சைக்கிள் இருக்கும் வீட்டில், காலையில் மகன் பள்ளிக்கும் மாலையில் தாய் தண்ணீருக்கும் எடுத்துப்போகும் வண்டியைப் பற்றிப் பேசுகிறேன். அத்தகைய வீட்டுத் தகப்பன் ஒருவர் தவணையில் வாங்கிக் கொடுத்த வண்டியை எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வருடத்துக்குள் உப்புக்காற்றில் சுருள் துருவேறியது. தேரிப்பொடி புகுந்து கீலின் புஷ் தேய்ந்தது. பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. அந்த அளவு புஷ் உள்ளூரில் கிடைக்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் இறுதியில் சுருளைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இரும்புப் பட்டையை வைத்துப் பற்றவைத்தார். அதன் பிறகுதான் அது ஒழுங்காக ஓடியது.

மறுப்புகளை நான் அறிவேன். முதலாவது: எளியவர்களுக்கும் நவீனம் வேண்டாமா? வேண்டும். ஆனால் நவீனத்தின் தோலை உரித்து அவர்களுக்குப் போர்த்திவிட்டு, சதையை வேறிடத்தில் விற்பது நவீனத்தைப் பகிர்வதாகாது. இரண்டாவது: பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படத்தான் செய்வார்கள், அந்த ஆசையைத் திரைப்படமும் விளம்பரமும் வளர்த்துவிட்ட பிறகு, அதையே சான்றாகக் காட்டுவது வணிகரின் தர்க்கம். மூன்றாவது: குண்டும் குழியுமான சாலையில் ஏதோ கொஞ்சம் உதவுமே! சாலையின் சிறு அதிர்வுகளுக்கான மருந்து நூறாண்டுகளுக்கும் முன்பே கிடைத்துவிட்டது. 1888இல் பெல்ஃபாஸ்டில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது, தம் மகனின் மூன்றுசக்கர வண்டி அதிராமல் ஓடவேண்டும் என்று முயன்றதன் பயன். அந்த டயரும், ஸ்பிரிங் வைத்த தோல் இருக்கையும் நம் தாத்தாக்களைத் தார் காணாத வண்டிப்பாதைகளில் சுமந்தன.

இந்த இடத்தில் எதிர்முகாமைச் சேர்ந்த நண்பர்கள் கைதட்டக்கூடும். பெருநகரங்களில் விடுமுறை நாள்களில் குன்றேறும் சைக்கிள் ஆர்வலர்களைச் சொல்கிறேன். அவர்களுடைய அதிர்வுதாங்கியில் காற்றழுத்தத்துக்கு ஒரு வால்வு, திரும்பும் வேகத்துக்கு ஒரு திருகு, மெல்ல அமுங்குவதற்கு ஒன்று, விரைந்து அமுங்குவதற்கு ஒன்று, பூட்டிவைக்க ஒரு நெம்பு. கிராமத்துச் சிறுவனின் மஞ்சள் சுருளைக் கண்டு அவர்கள் நகைக்கிறார்கள். அந்த நகைப்பில் எனக்குப் பங்கில்லை. அவ்வளவு திருகுகளுள் பலவற்றை வாங்கிய நாளுக்குப் பின் தொடாதவர்களே அங்கும் மிகுதி. மலையில் ஓட்டுபவருக்கு வேண்டியவை இரண்டு: தம் எடைக்கேற்ற அழுத்தம், தம் வேகத்துக்கேற்ற தணிப்பு. மற்றவற்றைத் தொழிற்சாலையிலேயே நிலைப்படுத்திவிட்டு விலையைக் குறைத்தால் அதை எளிமையாக்கம் என்று வரவேற்பேன். எளிமை என்பது தேவையற்றதை நீக்குவது. தேவையானதை நீக்கிவிட்டு உருவத்தை மட்டும் நிறுத்துவதற்கு வேறு பெயர் உண்டு.

எளிமையான பின் அதிர்வுதாங்கி சாத்தியமே இல்லை என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் அலெக்ஸ் மோல்டன், 1959இல் வந்த மினி காருக்கு ரப்பர் அதிர்வுதாங்கியை அமைத்தவர், 1962இல் ஒரு சைக்கிளை வெளியிட்டார். சிறிய சக்கரங்கள், பின்புறம் ஒரு ரப்பர்க் கட்டை. ரப்பர் தன் இயல்பிலேயே கொஞ்சம் ஆற்றலை விழுங்கும் என்பதால் எண்ணெயின் வேலையில் ஒரு பங்கை அதுவே செய்தது. அவ்வளவு எளிய அமைப்பிலும் அவர் மறக்காதது ஒன்று: பின்சக்கரத்துக்கு மேலே, சட்டத்தோடு இணைந்த அகன்ற கேரியர். கடைக்குப் போய்வரும் மனிதரை மனத்தில் வைத்து வரைந்த வண்டி அது. மஞ்சள் சுருள் வைத்த வண்டியோ கடைக்கண்ணாடியை மனத்தில் வைத்து வரைந்தது.

நம் மண்ணிலேயே இதற்கான படிப்பினை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். குறுக்கே ஓடும் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். ஓட்டுபவரின் கையில் முடிவை விட்டால் அவர் எதைக் கேட்பார் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் விரித்த இலவச மிதிவண்டியிலும் பின் ஸ்பிரிங் கிடையாது. அதை ஏழைகளின் வண்டி என்று ஏளனம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வேன்: இலவசமாகக் கிடைத்த வண்டி சுமக்கிறது, கடன்பட்டு வாங்கிய வண்டி ஆடுகிறது.

ஆகவே சில கோரிக்கைகள். எண்ணெய்த் தணிப்பு இல்லாத சுருளை ஷாக் அப்சார்பர் என்ற பெயரில் விற்பதை உற்பத்தியாளர்கள் நிறுத்தவேண்டும். ஸ்பிரிங் என்று எழுதட்டும், அது மானமான சொல்தான். அதே விலைக்கு, அந்தக் கீலையும் சுருளையும் நீக்கி, அகன்ற டயரும் உறுதியான கேரியரும் மட்கார்டும் ஸ்டாண்டும் வைத்த வண்டியைச் சிறுவர் அளவில், அவர்கள் விரும்பும் வண்ணத்தில் கொண்டுவரவேண்டும். வண்ணத்தின்மேல் எனக்குப் பகையில்லை. கடைக்காரர்கள் ஒரு தகப்பனிடம் வண்டியைக் காட்டுமுன் ‘இதில் கேரியர் வைக்க முடியாது’ என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லியாகவேண்டும்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு சோதனை. இருக்கையை இரு கையாலும் அழுத்திச் சட்டென்று விடுங்கள். மெல்ல எழுந்து நின்றால் உள்ளே தணிப்பு இருக்கிறது. துள்ளி எழுந்தால் வெறும் சுருள். அசையவே இல்லையென்றால் அது சாயம் பூசிய பாரம்; அதற்கும் சேர்த்துத்தான் உங்களிடம் பணம் கேட்கிறார்கள்.