மூலம் என்பது எது?

டெபியன் லினக்ஸின் முதன்மைப் பிரிவில் ஒரு மென்பொருள் இடம்பெற வேண்டுமானால், அதே பிரிவிலுள்ள கருவிகளைக் கொண்டே அதை மூலநிரலிலிருந்து மீண்டும் உருவாக்க இயல வேண்டும். ஆக்கியவர் தந்த இருமக் கோப்பு மட்டும் போதாது. இவ்விதியைப் பழமைவாதம் என்று ஒதுக்குவோர், ஒவ்வொரு பயனரும் இரவெல்லாம் கணினியை ஓடவிட வேண்டும் என்று அது கேட்பதாக எண்ணிக்கொள்கின்றனர். (ஜென்டூ பயனர்கள் அதை விரும்பியே செய்கின்றனர், அது வேறு கதை.) விதி கேட்பது, ஐயுறும் ஒருவர் செய்து பார்க்க வழியிருக்க வேண்டும் என்பதைத்தான்.

ஆனால் எதை மூலம் என்பது? 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்ஸெட் சுருக்கக் கருவியில் ஒளிந்திருந்த பின்வாசலை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அம்பலப்படுத்தினார். எஸ்எஸ்எச் வழி நுழைய ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆனதே அவருக்குக் கிடைத்த துப்பு. பின்வாசலைத் தூண்டும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிவைத்த மூலப் பொதியில் மட்டும் இருந்தன. விதிப்படி மூலத்திலிருந்து உருவாக்கியவர்கள் உண்மையில் கையிலெடுத்தது மூலத்தின் ஒரு படியை. சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இது புதிதன்று. இடைச்செருகலைக் காணப் பிற படிகளோடு ஒப்பிட்டாக வேண்டும்.

ஒப்பிடப் படியே கிடைக்காத நிலை மொழி மாதிரிகளுடையது. பெங்களூரின் சர்வம் நிறுவனம் 2025 மே மாதம் சர்வம்-எம் என்னும் 2,400 கோடி அளபுருக்கள் கொண்ட மாதிரியை அப்பாச்சி உரிமத்தில் வெளியிட்டது. அதன் அடித்தளம் பிரான்சின் மிஸ்ட்ரல் ஸ்மால். அந்த அடித்தளம் எந்தெந்த நூல்களையும் பக்கங்களையும் படித்து உருவானது என்பது வெளியிடப்படவில்லை. எடைகளை எவரும் இறக்கிக்கொள்ளலாம். மீண்டும் உருவாக்க இயலாது.

எடைகளே மூலம், அவற்றை மேலும் பயிற்றித்தானே சர்வம்-எம் பிறந்தது என்று வாதிடலாம். மாற்றியமைப்பதற்கு அவை போதும் என்பது உண்மை. ஆய்வுக்குப் போதா. 'உடைந்தது', 'உடைந்துவிட்டது' ஆகியவற்றின் வேறுபாட்டை மாதிரி தானே கற்றுக்கொண்டது என்று ஒரு மாணவர் கட்டுரை எழுதுகிறார் என்று கொள்வோம். அவருடைய சோதனை வாக்கியங்களும் அவற்றின் விளக்கமும் பயிற்சி உரையில் முன்பே இருந்தனவா என்பதை அவரும் அறியார், மதிப்பீட்டாளரும் அறியார். கற்றலா மனப்பாடமா என்று பிரித்தறிய முடியாத சான்றின் மீது மொழியியல் முடிவு எதையும் நிறுத்த முடியாது.

மாற்று வழி அருகிலேயே இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் இன்டிக்டிரான்ஸ்2 மொழிபெயர்ப்பு மாதிரியை, சுமார் 23 கோடி இருமொழி வாக்கிய இணைகள் அடங்கிய தரவுத்தொகுப்போடும் நிரலோடும் சேர்த்தே வெளியிட்டது. அது அளவில் மிகச் சிறியது, பெரியவற்றுக்கு இது எளிதன்று என்பதை ஒப்பலாம். பதிப்புரிமைச் சிக்கலும் உண்டு. திறமூல முன்னெடுப்பு அமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்ட வரையறையும் தரவைப் பற்றிய விரிவான தகவலோடு நின்றுகொண்டது. வணிகத்துக்கு அந்தச் சமரசம் பொருந்தக்கூடும். பல்கலைக்கழகத் துறைகள் அதைப் பின்பற்றத் தேவையில்லை: எடைகள் மட்டும் கிடைக்கும் மாதிரியை ஆய்வேடுகள் 'திறமூலம்' என்று எழுதாதிருக்கட்டும், பயிற்சி உரை பார்வைக்குக் கிடைக்குமா என்பதை முறையியல் இயலின் முதல் பக்கத்திலேயே சொல்லட்டும்.