மனோவியாதியும் யந்திர புத்தியும்

மனோவியாதிகளைக் கண்டறிவதற்குச் செயற்கை நுண்ணறிவைத் துணைக்கொள்ள வேண்டுமென்ற பேச்சு தேசமெங்கும் வலுத்து வருகின்றது. நோயாளியின் குரலையும் எழுத்தையும் முகக்குறியையும் யந்திரம் ஆராய்ந்து, இன்னாருக்கு இன்ன வியாதியென்று ஊகித்துச் சொல்லுமாம். இதனை நாம் அடியோடு வெறுப்பவரல்லோம். ஆனால் அந்த யந்திரத்துக்கு நம் ஜனங்களின் பாஷை தெரியுமா என்று கேட்கிறோம்.

புதுவையைச் சேர்ந்த சுத்துக்கேணியை எடுத்துக்கொள்வோம். அவ்வூரில் கழனி வேலை செய்யும் ஒரு ஸ்திரீ, தனக்கு மனச்சோர்வு வியாதி என்று வாய்திறந்து சொல்லப் போவதில்லை. நெஞ்சு அடைக்கிறது, தலை எரிகிறது, சோறு இறங்கவில்லை என்பாள். அவளுடைய மாமியாரோ, காற்றுக் கருப்பு அண்டிவிட்டது என்பார். தமிழறிந்த வைத்தியர் இதைக் கேட்டதும், பிள்ளை பெற்று எத்தனை மாதமாயிற்று, புருஷன் குடிக்கிறானா, கடன் உண்டா என்று மேலே விசாரிப்பார். பெரும்பாலும் ஆங்கில எழுத்தை உண்டு வளர்ந்த யந்திரமோ, நெஞ்சடைப்பை இருதய வியாதியென்றும் காற்றுக் கருப்பைச் சித்தப்பிரமையென்றும் குறித்து வைத்தாலும் வைக்கும். பைத்தியம் என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், அவள் வீட்டுப் பெண்ணுக்கு வரன் தேடும் நாளிலும் அது தொடர்ந்து வருமென்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

1966-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், எலிசா என்ற உரையாடும் கணினி நிரலை வெளியிட்டார். எதிராளி சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதே அதன் வித்தை. அதனிடமும் மனிதர் மனம் திறந்து பேசியது கண்டு அதனைச் செய்தவரே திகைத்தார்!

நோயைக் கண்டறிந்தால் மட்டும் போதுமா? பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் 2015-16-ல் 12 மாகாணங்களில் எடுத்த கணக்கின்படி, வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனுமொரு மனோவியாதி இருந்தது. வியாதிக்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையின்றி இருந்தனர். 2001 ஆகஸ்டு 6-ந்தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றி 28 மனநோயாளர் மாண்டனர். அவர்களில் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள். அவர்கள் நோயாளிகள் என்பதைக் கண்டறிய யந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஊரே அறிந்திருந்தது. இல்லாதிருந்தது வைத்தியம். சுத்துக்கேணிக்காரருக்கு யந்திரம் சீட்டெழுதிக் கொடுத்தாலும், ஒருநாள் கூலியை இழந்து கோரிமேட்டு ஜிப்மருக்குப் பஸ் ஏறுவது அவர்தானே?

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸில் 14416 என்ற எண்ணை அழைத்தால், தமிழில் பேச மனிதர் இருக்கிறார். அந்த வழியை விரிவுபடுத்துவதே முதற் காரியம். வைத்தியர் குறித்த நாளில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரட்டும். யாரை முதலில் பார்க்க வேண்டுமென்று நர்ஸுக்கு நினைவூட்டும் வேலையை யந்திரம் செய்யட்டும். வியாதிக்குப் பெயரிடும் அதிகாரம் வைத்தியரிடமே இருத்தல் வேண்டும்.

2017-ம் வருஷத்து மனநல பராமரிப்புச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட வைத்திய அளவைகளின்படியே மனோவியாதியை நிர்ணயிக்கச் சொல்லுகிறது. நோயாளியின் ரகசியத்தைக் காக்கவும் கட்டளையிடுகிறது. நம் கிராமத்தார் பேச்சில் சோதித்துத் தேறாத எந்த யந்திரத்தையும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நுழையவிடலாகாது. அது சேகரிக்கும் பேச்சு எங்கே, யார் வசம் இருக்குமென்பதையும் சர்க்கார் முன்கூட்டியே பகிரங்கப்படுத்த வேண்டும்.