முதலில் முடித்த பிள்ளைக்கு அடுத்து என்ன?

வகுப்பில் பத்துக் கணக்கு கொடுத்தால், ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டு நோட்டை நீட்டும் பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். “சரி, இன்னும் பத்து போடு” என்பார் ஆசிரியர். கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைக்கும் தண்டனை இது. இரண்டு மாதத்தில் அந்தப் பிள்ளை மெதுவாகப் போடப் பழகிவிடும்.

பெற்றோருக்குத் தெரிந்த வழி வேறு. ஆறாம் வகுப்பிலேயே ஐஐடி பவுண்டேஷன் கோர்ஸில் சேர்த்துவிடுவார்கள். பத்தாம் வகுப்புச் சூத்திரம் ஏழாம் வகுப்பிலேயே மனப்பாடமாகிவிடும்; பத்தாம் வகுப்புக்கு வரும்போது பிள்ளை மறுபடியும் சும்மா உட்கார்ந்திருக்கும். பாடம்தான் முன்னால் வந்ததே தவிர, யோசிக்க வேண்டிய அவசியம் கடைசிவரை வரவில்லை.

பாடத்தை மாற்றாமலே கேள்வியை ஆழமாக்க முடியும். கூட்டல் மட்டும் தெரிந்தால் போதும் என்கிற ஒரு கேள்வியைப் பார்ப்போம். 15-ஐ அடுத்தடுத்த எண்களின் கூட்டலாக எழுத முடியுமா? பூஜ்யமும் குறை எண்ணும் கூடாது. 7+8 வருகிறது. 4+5+6 வருகிறது. 1+2+3+4+5-உம் வருகிறது. 9-க்கு 4+5, 2+3+4. சரி, 8? எப்படிப் புரட்டினாலும் வராது. 16-உம் வராது. முப்பதுவரை போட்டுப் பார்த்தால் வராதவை 1, 2, 4, 8, 16 மட்டும்தான் என்பது பிள்ளைக்கே பிடிபட்டுவிடும். அடுத்து மாட்டுவது 32 என்று நாம் சொல்லாமலே பிள்ளை சொல்லும்.

“ஏன்?” என்று ஆசிரியர் கேட்க வேண்டிய இடம் இதுதான். மூன்று, ஐந்து என ஒற்றைப்படை எண்ணிக்கையில் கூட்டினால், விடை என்பது நடு எண்ணை அந்த எண்ணிக்கையால் பெருக்கியது. ஆக ஓர் ஒற்றைப்படைக் காரணி வந்துவிடுகிறது. இரட்டைப்படை எண்ணிக்கை என்றால், முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் ஜோடி சேர்த்தால் ஒற்றைப்படைதான் வரும். எல்லா ஜோடிக்கும் அதே தொகை. அங்கேயும் அதே கதை. 2, 4, 8, 16-க்கோ ஒன்றைத் தவிர ஒற்றைப்படைக் காரணியே கிடையாது. இதைக் கண்டுபிடித்த பிள்ளையை விட்டுவிடக் கூடாது: 15-க்கு ஏன் மூன்று வழி, 9-க்கு ஏன் இரண்டே வழி? (15-க்கு 3, 5, 15; 9-க்கு 3, 9. ஒன்றைத் தவிர்த்த ஒற்றைப்படைக் காரணிகளை எண்ணிப் பாருங்கள்.) இதே கேள்வியில் மற்ற பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. அவர்கள் வழிகளைத் தேடித் தேடிக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். அது நல்ல கூட்டல் பயிற்சி. யாரையும் தனியாகப் பிரித்து உட்கார வைக்கத் தேவையில்லை.

வேகம்தான் கணிதத் திறமை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஆனால் இந்தியா 1989 முதல் பங்கேற்கும் சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் மொத்தமே ஆறு கணக்குகள்தான். இரண்டு நாள் தேர்வு. நாளுக்கு மூன்று கணக்கு, நாலரை மணி நேரம். அவற்றைப் போட நுண்கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேகத்தைவிடத் தேடல் பெரிது என்பதற்கு இன்னொரு சான்று: கும்பகோணத்தில் ராமானுஜன் கையில் கிடைத்த கார் என்பவரின் புத்தகத்தில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் இருந்தன. நிரூபணம் பெரும்பாலும் இல்லை. இல்லாததைத் தானே தேட வேண்டியிருந்ததுதான் அவருக்கு வாய்த்த பாடம் என்பேன்.

“பிள்ளை கேட்டு எனக்கு விடை தெரியாவிட்டால்?” என்ற தயக்கம் ஆசிரியர்களுக்கு உண்டு. நியாயமான தயக்கம்தான். “தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லும் ஆசிரியரைப் பிள்ளைகள் குறைவாக நினைப்பதில்லை. கேள்விகளுக்கும் பஞ்சமில்லை: சென்னையிலிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம் 1965 முதல் இருக்கிறது; இப்படிப்பட்ட கேள்விகளை வெளியிடுகிறது, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வும் நடத்துகிறது. குறைவது நேரம்தான். சிலபஸை முடிக்கும் அவசரத்தில் எந்த ஆசிரியரும் தானாக இதற்கு நேரம் எடுக்க முடியாது. தலைமை ஆசிரியர்கள் இரு வாரத்துக்கு ஒரு கணக்குப் பாடவேளையை, தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாமல், ஒரே ஒரு கேள்விக்காக ஒதுக்கித் தர வேண்டும்.