உலக வலம்: இத்தாலியின் வெள்ளைப் பாதைகள்

சாலைக்குத் தார் போடுவது முன்னேற்றத்தின் முதல் அடையாளம் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். ஒரு சிற்றூருக்குத் தார்ச்சாலை வந்துவிட்டால், அவ்வூருக்கு நல்ல காலம் பிறந்தது என்று மகிழ்கிறோம். அவ்வாறிருக்க, செல்வத்தில் குறைவில்லாத ஐரோப்பிய நாடு ஒன்றில், ‘எங்கள் சரளைப் பாதைகளைத் தார் பூசி மறைத்துவிடாதீர்கள்’ என்று சிலர் கிளம்பினார்கள் என்றால் வியப்பாகத்தானே இருக்கும்? அந்த வியப்பின் காரணத்தைக் காண இத்திங்கள் இத்தாலியின் டஸ்கனி மாநிலத்துக்குச் செல்வோம்.

பிளாரன்ஸ் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் சியேனா என்னும் பழம்பெரும் நகரம் இருக்கிறது. அதன் வடக்கே திராட்சைத் தோட்டங்களும் ஓக் மரக் காடுகளும் நிறைந்த கியாந்திக் குன்றுகள். தென்கிழக்கே மரம் அருகிய களிமண் மேடுகள். இம்மேடுகளைக் ‘கிரேத்தே’, அதாவது ‘களிமண் நிலங்கள்’ என்றே அவ்வூரார் அழைக்கிறார்கள். அதற்கும் தெற்கே வால் தோர்ச்சா என்னும் ஆற்றுப் பள்ளத்தாக்கு. 2004-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இந்நிலம் முழுவதும் குன்றுக்குக் குன்று, பண்ணைக்குப் பண்ணை, வெண்ணிற நாடாக்களைப் போல் வளைந்து செல்லும் பாதைகளுக்கு ‘ஸ்த்ராதே பியாங்கே’ என்று பெயர். ‘வெள்ளைச் சாலைகள்’ என்பது பொருள். உடைத்த சுண்ணாம்புக் கல்லும் சரளையும் பரப்பி இறுக்கிய பாதைகள் அவை. கோடையில் புழுதி பறக்கும். மழையில் வெண்சேறு சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும்.

இப்பாதைகளை இட்டவர்கள் அரசர்களோ பெரும் பொறியாளர்களோ அல்லர்; அவற்றுள் பெரும்பாலானவை உழவர்களின் வண்டிப்பாட்டைகள். டஸ்கனியில் பல நூற்றாண்டுகளாக ‘மெத்சத்ரியா’ என்னும் முறை நிலவிவந்தது. நம் நாட்டு வாரச் சாகுபடியைப் போன்றதே அது. நிலமும் வீடும் நிலக்கிழாருடையன; உழைப்பு குடியானவனுடையது; விளைச்சலில் ஆளுக்குப் பாதி. குடியானவன் ஊருக்குள் இராமல், தான் உழும் நிலத்தின் நடுவிலேயே குடும்பத்தோடு வாழ்ந்தான். ஆதலால் ஒவ்வொரு குன்றின் மீதும் ஒரு கல்வீடு. அந்த வீட்டுக்கு ஒரு வெள்ளைப் பாதை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வாழ்க்கை குலைந்தது. பாதி வாரத்தில் வயிறு நிரம்பாத இளைஞர்கள் தொழிற்சாலைகளை நாடி நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். 1964-ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாக வார ஒப்பந்தங்கள் செய்வதைத் தடுத்தது. கல்வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்பட்டன. மக்கள் அருகிவிட்ட இடத்துக்குத் தார் போட முந்துவார் யார்? வெள்ளைப் பாதைகள் பல வெள்ளையாகவே எஞ்சியதற்கு, ஊரார் வெளியேறியதும் ஒரு காரணம்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம் போன்ற குடும்பங்கள் கருதத்தக்க செய்தி ஒன்றும் இங்கே உண்டு. உள்ளூரார் விட்டுச்சென்ற களிமண் மேடுகளுக்கு, 1950-களிலும் 1960-களிலும் கடல் கடந்து சார்டீனியத் தீவிலிருந்து ஆட்டிடையர்கள் வந்தார்கள். மலிவாகக் கிடைத்த நிலத்தைப் பிடித்து, மந்தைகளை மேய்த்து, பாலைக் காய்ச்சினார்கள். இன்று அப்பகுதிக்குப் பெயர் தேடித்தரும் ‘பெக்கொரீனோ’ என்னும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியில் அவர்கள் உழைப்புக்கும் பங்கு உண்டு. ஒருவர் துறந்த மண்ணை மற்றொருவர் வந்து வாழவைத்தார்.

பின்னர் நாட்டில் செல்வம் பெருகிற்று. பழைய கல்வீடுகள் பழுது பார்க்கப்பட்டன. மோட்டார் வண்டிகள் மிகுந்தன. வெள்ளைப் பாதைகள் மீது தார் ஏறத் தொடங்கிற்று. அப்போதுதான் கியாந்தியைச் சேர்ந்த ஜியான்கார்லோ புரோச்சி என்பாருக்கு ஒரு வழி தோன்றியது. 1997-இல் கயோலே என்னும் சிற்றூரிலிருந்து, பழைய சைக்கிள்களில் வெள்ளைப் பாதைகளின் வழியே ஓர் உலாவை அவர் தொடங்கினார். ‘லெரோயிக்கா’ என்று அதற்குப் பெயர். ‘வீரம் செறிந்தது’ என்று பொருள் கொள்ளலாம். முதல் ஆண்டில் கலந்துகொண்டவர்கள் 92 பேர். இன்றோ அக்டோபர் மாதத் தொடக்கத்தில் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அச்சிற்றூரில் கூடுகிறார்கள்.

இவ்வுலாவின் விதிகள் சுவையானவை. சைக்கிள் 1987-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பந்தய வண்டியாக இருத்தல் வேண்டும். கியர் மாற்றும் பிடி பிரேமின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கம்பிகள் ஹாண்டில்பாருக்கு வெளியே தெரிய வேண்டும். பெடலில் பாதத்தைத் தோல்வாரால் பிணைத்துக்கொள்ள வேண்டும். உடையும் பழங்காலக் கம்பளிச் சட்டையே. 1938-லும் 1948-லும் பிரெஞ்சு நாட்டுப் பெரும் பந்தயத்தை வென்ற பிளாரன்ஸ் பகுதி வீரர் ஜீனோ பர்த்தாலியின் காலத்தை நினைவூட்டும் கோலம் இது. அக்காலத்துப் பந்தய வீரர்கள் மிதித்த சாலைகளில் பல, தார் காணாத இத்தகைய சாலைகளே.

உலாவின் மிக நீண்ட வழி 209 கிலோமீட்டர். ஏறும் உயரங்களைக் கூட்டினால் 3,500 மீட்டருக்கும் மேல். வைகறை இருளில் புறப்படுவோர் முதலில் புரோலியோக் கோட்டையை நோக்கி ஏறுகிறார்கள். மரங்கள் அணிவகுத்த அச்சரளைப் பாதையின் இருமருங்கும் சிறு விளக்குகள் ஏற்றி வைத்திருப்பார்கள். இத்தாலியின் இரண்டாவது பிரதமரான பெத்தீனோ ரிக்கசோலியின் குடும்பக் கோட்டை அது. அப்பால் சியேனாவின் புறம், மொந்தால்சீனோ என்னும் மலையூர், களிமண் மேடுகள், மீண்டும் கியாந்தி என்று வழி சுற்றி வருகிறது. இடையே தங்குமிடங்களில் ‘ரிபொல்லீத்தா’ பரிமாறுகிறார்கள். மிஞ்சிய ரொட்டியும் அவரை விதையும் கீரையும் சேர்த்து மறுபடி கொதிக்க வைத்த குழம்பு அது. நம் வீட்டுப் பழையதைப் போல், ஏழை உழவன் நேற்றைய உணவை இன்றைக்கும் ஆக்கிக்கொண்ட சமையல்! உப்பில்லாத டஸ்கனி ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் உடன் வரும்.

2007-இல் தொழில்முறை வீரர்களுக்கென ஒரு பந்தயமும் இப்பாதைகளில் தொடங்கியது. அதன் இன்றைய பெயரே ‘ஸ்த்ராதே பியாங்கே’. மகளிர் பந்தயம் 2015 முதல் நடைபெறுகிறது. இரண்டும் மார்ச்சு மாதத்தில் நடந்து, குதிரைப் பந்தயத்துக்குப் புகழ்பெற்ற சியேனாவின் காம்போ சதுக்கத்தில் முடிகின்றன. 2024-ஆம் ஆண்டு ஆடவர் வழி 215 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 71 கிலோமீட்டர் சரளை. அவ்வாண்டு ஸ்லோவேனிய வீரர் ததேய் பொகாச்சார், 81 கிலோமீட்டர் எஞ்சியிருக்கையில் கூட்டத்தைப் பிரிந்து தனியே சென்று வென்றார்.

இவையெல்லாம் வீரர்களுக்கு மட்டுமே என்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டா. லெரோயிக்காவின் வழி நெடுகக் கைகாட்டிகள் நட்டிருப்பதால், ஆண்டின் எந்நாளிலும் எவரும் அதில் செல்லலாம். பழைய வண்டி வேண்டும் என்னும் விதி உலா நாளுக்கு மட்டுமே. சரளைக்கென்றே அகன்ற டயரும், செங்குத்து ஏற்றத்துக்கு இலகுவான கியரும், உறுதியான டிஸ்க் பிரேக்கும் கொண்ட சைக்கிள்கள் இப்போது கிடைக்கின்றன. வேனிலின் தொடக்கமும் இலையுதிர் காலமும் ஏற்ற பருவங்கள். நாளுக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் என்று பகுத்துக்கொண்டால், நடுத்தர உடல்வலிமை உடையோரும் நான்கைந்து நாட்களில் சுற்றி வரலாம். இறக்கங்களில் மட்டும் கவனம் தேவை. திருப்பங்களில் உதிர்ந்து கிடக்கும் சரளையில் முன் பிரேக்கை வலிந்து பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும்.

இனி ஒன்று சொல்ல வேண்டும். காணச் செல்வோருக்கு அழகாகத் தோன்றும் புழுதி, அங்கேயே வாழ்வோருக்குத் தொல்லையே. மழை நாளில் நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு நல்ல சாலை வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேண்டும். ஊரார் துன்புற நாம் படம் எடுத்து மகிழ்வது அறமாகாது. வெள்ளைப் பாதைகளைக் காத்தவர்கள் எல்லாச் சாலைகளையும் பழமையிலேயே நிறுத்திவிடவில்லை. தார்ச்சாலைகள் தம் பணியைச் செய்கின்றன. அவற்றுக்கு இடையே பழம்பாதைகளுக்கும் ஒரு பயனைக் கண்டுபிடித்தார்கள். விருந்தினர் வருவதால் உணவுவிடுதி நடக்கிறது. தங்கும் அறை நிரம்புகிறது. எண்ணெயும் பாலாடைக்கட்டியும் விலை போகின்றன. பாதைக்குப் பயன் இருப்பதால், வாய்க்காலை வெட்டிவிட்டு, பள்ளத்தில் சரளை கொட்டி அதைப் பேணுவதற்கும் ஆள் இருக்கிறது. பூட்டி வைத்துப் போற்றியிருந்தால் புல் மூடிப் போயிருக்கும், புழங்கியதால் பிழைத்தது.

நம்மில் பலருக்கும் சொந்த ஊர் என்று ஒன்று உண்டு. அங்கே களத்துக்கோ குளத்துக்கோ செல்லும் வண்டிப்பாதை ஒன்றும் உண்டு; முள் மண்டியும் கிடக்கலாம். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால், பேருந்து நிலையத்திலிருந்து வீடு, வீட்டிலிருந்து கோயில் என்று நாட்களைக் கழித்துவிட்டுத் திரும்பாமல், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுது அப்பாதையில் நடப்போம். சைக்கிள் கிடைத்தால் ஓட்டியும் பார்ப்போம். எந்த வயல் யாருடையது, எந்தக் கிணற்றில் பாட்டனார் நீந்தினார் என்று சொல்லிக்கொண்டே செல்வோம். ஊரை விட்டு வந்தவர்கள் ஊருக்குச் செய்யக்கூடிய உதவிகளுள் இதுவும் ஒன்று, செலவும் இல்லை.