தில்லியில் தோற்ற வாக்கும் பாம்பனில் திறந்த பாலமும்

2025 ஏப்ரல் முதல் வாரத்தை இராமநாதபுரம் மாவட்ட மக்கள் எளிதில் மறந்துவிட முடியாது. ஏப்ரல் 2 அன்று கச்சத்தீவை மீட்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதே நாள் தில்லி மக்களவையில் வக்ஃபு திருத்த மசோதா விவாதத்துக்கு வந்து, நள்ளிரவைத் தாண்டி 3-ஆம் தேதி அதிகாலையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 288, எதிர்ப்பு 232. மறுநாள் மாநிலங்களவையிலும் அப்படியே நள்ளிரவு கடந்து, 128-க்கு 95 என்று நிறைவேறியது. 5-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். 6-ஆம் தேதி பிரதமர் இராமேஸ்வரம் வந்து பாம்பன் புதிய ரயில் பாலத்தைத் திறந்து வைத்தார்.

ஐந்தே நாட்களில் நம்முடைய மஹல்லாச் சொத்து, நம்முடைய கடல், நம்முடைய ரயில் என்று மூன்று விஷயங்கள் ஒரே தொகுதியின் தலையில் வந்து விழுந்தன. அந்தத் தொகுதிக்கு உறுப்பினர் ஜனாப் கே. நவாஸ்கனி அவர்கள். அன்று முதல் கீழக்கரைத் தெருவிலும் மண்ணடிக் கடையிலும் ஒரே கேள்வி: "நம்ம எம்.பி. என்னதான் செய்தார்?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்கிற விதத்தில்தான் கோளாறு இருக்கிறது.

ஏணிச் சின்னத்தில் 2019-ல் முதல் முறையாக வென்றவர் அவர். 2024-ல் முன்னாள் முதலமைச்சர் ஒருவரையே எதிர்த்து நின்று 1,66,782 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். (அந்தத் தேர்தலில் ஓ. பன்னீர்செல்வம் என்ற பெயரில் இன்னும் ஐந்து பேர் சுயேச்சையாக நின்றது தமிழகமே சிரித்த கதை.) அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு வக்ஃபு வாரியத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆக, தில்லியில் வக்ஃபுச் சட்டம் மாறிய வேளையில், அவையில் ஓர் உறுப்பினராகவும் சென்னையில் வாரியத்தின் தலைவராகவும் இரண்டு பொறுப்புகள் அவர் தோளில் இருந்தன. மற்ற உறுப்பினர்களைவிட அவரிடம் நாம் கூடுதலாக எதிர்பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

543 பேர் கொண்ட அவையில் முஸ்லிம் லீகுக்கு மூன்றே பேர். பேசும் நேரமோ கட்சியின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அளந்து கொடுக்கப்படும். மசோதாவைத் தடுக்கவில்லையே என்று இந்த மூவர் மீது பழி சுமத்துவது எந்த வகையில் நியாயம்? இருநூற்று முப்பத்திரண்டு பேர் எதிர்த்தார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிமல்லாத சகோதரர்கள் என்பதையும் நம் இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

தனி உறுப்பினர் ஒருவரால் சட்டமே செய்ய முடிந்த காலமும் உண்டு. சுதந்திர இந்தியாவின் பாராளுமன்றத்தில் தனி நபர் மசோதாவாக வந்து சட்டமான முதல் மசோதா எது தெரியுமா? சையத் முஹம்மத் அஹ்மத் காஸ்மி என்ற உறுப்பினர் 1952-ல் கொண்டுவந்த முஸ்லிம் வக்ஃபு மசோதாதான்! 1954-ல் அது சட்டமானது. அதையும் சேர்த்து 1970 வரை மொத்தம் 14 தனி நபர் மசோதாக்கள் தேறின. 1970-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. வக்ஃபில் தொடங்கிய அந்த வாசல் அரை நூற்றாண்டுக்கு மேலாக அடைபட்டுக் கிடக்கிறது.

அப்படியானால் தோற்ற வாக்குக்கு மதிப்பே இல்லையா? உண்டு. அவையில் பதிவான எதிர்ப்பு அத்தோடு முடிந்துவிடவில்லை, நீதிமன்றம் வரை போனது. முஸ்லிம் லீக், தி.மு.க. உட்படப் பலர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2025 செப்டம்பர் 15 அன்று இடைக்கால உத்தரவு வந்தது. ஐந்து ஆண்டுகள் இஸ்லாத்தைக் கடைப்பிடித்தவர்தான் வக்ஃபு செய்யலாம் என்ற விதி, அதைத் தீர்மானிக்க விதிமுறை வகுக்கப்படும் வரை நிறுத்தி வைக்கப்பட்டது. அரசு நிலமா என்று அதிகாரி விசாரிக்கத் தொடங்கியதுமே அந்தச் சொத்து வக்ஃபு இல்லை என்று கருதும் பகுதியும் நிறுத்தப்பட்டது. மாநில வாரியத்தின் 11 பேரில் முஸ்லிமல்லாதவர் மூவருக்கு மேல் கூடாது, மத்திய கவுன்சிலின் 22 பேரில் நால்வருக்கு மேல் கூடாது என்றும் வரம்பு கட்டப்பட்டது.

ஆனால் பதிவு கட்டாயம் என்பதில் நீதிமன்றம் கை வைக்கவில்லை. நம் பொறுப்பு தொடங்குவது இங்கேதான். 'உமீத்' இணையதளத்தில் எல்லா வக்ஃபுச் சொத்துகளையும் ஏற்ற ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அது 2025 டிசம்பர் முதல் வாரத்தில் முடிந்தது. பொதுவாக அவகாசத்தை நீட்டிக்க உச்ச நீதிமன்றம் மறுத்து, தேவைப்படுவோர் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்று சொல்லிவிட்டது. நம் பாட்டனார் வாய்மொழியாகக் கொடுத்துவிட்டுப் போன கபருஸ்தானுக்கும், பத்திரம் கரையான் அரித்துப்போன தைக்காவுக்கும் தில்லியில் எந்த எம்.பி.யும் காகிதம் தயாரித்துக் கொடுக்க முடியாது. முத்தவல்லியும் ஜமாஅத்தும் பட்டா, சர்வே எண், பழைய ரசீது என்று தேடி எடுத்தால்தான் உண்டு.

வணிகப் பெருமக்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, கசப்பாக இருந்தாலும். நாட்டில் பதிவான வக்ஃபுச் சொத்துகள் 4.9 லட்சம், அவற்றின் ஆண்டு வருமானம் வெறும் 163 கோடி ரூபாய், ஒழுங்காக நிர்வகித்தால் 12,000 கோடி வரை வரும் என்று 2006-ல் சச்சார் குழு கணக்குச் சொன்னது. இந்த இடைவெளி முழுவதும் ஆக்கிரமிப்பாளன் தின்றதா? பள்ளிவாசல் கடையில் தகப்பனார் காலத்து வாடகையைக் கொடுத்துக்கொண்டு, பக்கத்துத் தனியார் கடைக்குப் பல மடங்கு கொடுக்கும் வியாபாரி நம்மிலேயே இல்லையா? வக்ஃபைக் காக்கும் ஊர்வலத்தில் முன்வரிசையில் நிற்பதற்கு முன்னால் அந்த வாடகைச் சீட்டை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி பாலத்துக்கு வருவோம். 1914-ல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. அதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இராமேஸ்வரம் தீவுக்கு ரயில் இல்லை. சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போய்வரும் வியாபாரிக்கும், மீன் அனுப்புகிறவருக்கும், யாத்திரை வருகிற ஏழைக்கும் பட்ட செலவு எத்தனை என்று யார் கணக்கு எடுத்தார்கள்? திறப்பு விழா அன்று மட்டும், மேடைக்கு யார் வந்தார், முதலமைச்சர் ஏன் ஊட்டியில் இருந்தார் என்ற பேச்சே ஊரெல்லாம் ஓடியது. தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி வழியாக வரவேண்டிய கிழக்குக் கடற்கரை ரயில் பாதை பற்றி அன்று எத்தனை பேர் பேசினோம்?

2025 ஜூலை 1 அன்று பரமக்குடி - இராமநாதபுரம் நான்கு வழிச் சாலைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 46.7 கிலோமீட்டர், 1,853 கோடி ரூபாய். இப்படி ஒரு செய்தி வந்தால் 'எங்கள் முயற்சி' என்று சுவரொட்டி ஒட்ட எல்லாக் கட்சிக்காரரும் பசையோடு கிளம்பிவிடுகிறார்கள். ஒட்டிக்கொள்ளட்டும். நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு வந்ததா, பணி எந்த ஊரில் நிற்கிறது என்று மாதாமாதம் விசாரிக்கிறவர் எவரோ, அவரைத்தான் உழைத்தவர் என்போம்.

தொகுதி நிதியைப் பற்றியும் நம்மிடையே ஒரு மயக்கம் உண்டு. எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அவர் பரிந்துரை மட்டுமே செய்ய முடியும், வேலையை நடத்துவது மாவட்ட நிர்வாகம். அறந்தாங்கி, திருச்சுழி, பரமக்குடி, திருவாடானை, இராமநாதபுரம், முதுகுளத்தூர் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கு அதைப் பிரித்தால் ஒன்றுக்கு 83 லட்சம்தான் வரும். வழிபாட்டுத் தலங்களுக்குள் எந்த வேலைக்கும் அந்தப் பணத்தைச் செலவிட விதி இடம் தராது. இது தெரியாமல் பள்ளிவாசல் சுற்றுச்சுவர் கேட்டு மனு கொடுத்துவிட்டு, "சமுதாயத்துக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று கோபித்துக்கொள்கிறோம். அரசுப் பள்ளிக்கு வகுப்பறையும் அரசு மருத்துவமனைக்குக் கருவியும் கேளுங்கள், கிடைக்கும். அங்கே நம் பிள்ளையும் படிக்கிறது, அண்டை வீட்டு மாரியப்பன் பிள்ளையும் படிக்கிறது.

கடல் விவகாரம் இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. 2024 ஒரே ஆண்டில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட இந்திய மீனவர் 500 பேருக்கு மேல். ஆள் விடுதலையாகி வந்தாலும் படகு வருவதில்லை. படகு போனால் அந்தக் குடும்பம் வட்டிக்காரன் கையில். இதில் தொகுதி உறுப்பினர் வெளியுறவு அமைச்சகத்தின் படியேறிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு வழியில்லை. அதே நேரம், இழுவை மடியால் வலையும் மீனும் இழக்கிற யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவரும் தமிழ் பேசுகிறவர்தான், அவர்களில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். இந்த உண்மையை இராமேஸ்வரத்தில் நின்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். நம் உறுப்பினரிடம் நாம் எதிர்பார்ப்பது கோஷத்தைவிட இந்தத் துணிச்சலைத்தான்.

கல்யாணத்துக்கு வந்தாரா, கடை திறப்புக்கு வந்தாரா, கல்லூரி இடத்துக்குச் சிபாரிசுக் கடிதம் தந்தாரா என்பதை வைத்தே உறுப்பினரை மதிப்பிடும் வழக்கத்தை இளைஞர்கள் முதலில் கைவிட வேண்டும். மக்களவை இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் கேட்ட கேள்விகளும் அமைச்சர் தந்த பதில்களும் தேதியோடு வருகின்றன. ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் படித்த பிள்ளைகள் இருவர் அமர்ந்து அதை எடுத்துப் படித்தால் போதும், கடைவீதி வதந்தி பாதி அடங்கிவிடும். உறுப்பினர் அவர்களும் தம் பங்குக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எந்த ஊருக்கு எந்த வேலை, எவ்வளவு பணம், எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று ஒரே தாளில் அச்சடித்து எல்லாச் சமூகத்தாரிடமும் கொடுக்கலாம். வக்ஃபு வாரியத் தலைவராக இருந்து பார்த்த வேலைக்கும் தனியாக ஒரு தாள் வேண்டும்: இம்மாவட்டத்தில் எத்தனை சொத்து இணையத்தில் ஏறியது, எத்தனை விடுபட்டது, விடுபட்டவை எந்த மஹல்லாவைச் சேர்ந்தவை?

பாராளுமன்றத்தில் கேள்வி எழுப்பக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஐந்து கேள்விகளுக்கு மேல் ஓர் உறுப்பினர் கொடுக்கவும் முடியாது. கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு தில்லிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் குறை சொல்வதில் பயனில்லை. பனைக்குளமோ பெரியபட்டினமோ தேவிபட்டினமோ, எந்த ஊரானாலும் கூட்டத்தொடருக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் அவர் அலுவலகம் போய்ச் சேரட்டும். அதில் சர்வே எண், மனுவின் தேதி, எந்த அலுவலகத்தில் கோப்பு நிற்கிறது என்ற விவரம், தொடர்புக்கு ஒருவர் பெயர், இவை இருக்கட்டும்.