பேச்சு ஆய்வு மலையேற வேண்டாமா?

“மூணு வயசாச்சு, இன்னும் பேச்சு வரல. அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு.” பல வீடுகளில் சொல்லப்படும் சமாதானம் இது. தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம் உள்ள சித்தேரி மலையில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், அது வெறும் தாமதமா, குறைபாடா என்று யார் சொல்வது?

முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்கிறது என்றால் அடுத்த சிக்கல்: குழந்தை பேசுவது பிழையா, மலையாளி பழங்குடியினரின் வட்டார வழக்கா? நகரத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்த அளவுகோல் இரண்டையும் குழப்பிவிடும். குறையில்லாத பிள்ளைக்குக் குறை என்ற பெயர் விழும். உதவி தேவைப்படும் பிள்ளை ‘மலைப்பேச்சு அப்படித்தான்’ என்று விடுபட்டுப்போகும்.

மைசூரில் 1965இல் அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் தொடங்கியது முதல் இத்துறை இந்தியாவில் வளர்ந்துவருகிறது. மக்களிடம் போவதும் ஆய்வுதான் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்திலேயே சான்று உண்டு. பிளவுபட்ட உதடு, அண்ணத்தோடு பிறந்த பிள்ளைகளுக்காகச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேச்சுத் துறையினர் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்தனர். அந்தப் பணியே பின்னர் ஆய்வுக் கட்டுரைகளாகவும் வெளிவந்தது.

பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணும் பல்கலைக்கழகங்கள், மலைக்கிராமத்தில் தங்கிப் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்த மாதங்களையும் எண்ணட்டும். அங்கன்வாடி ஊழியருக்குக் கொடுத்த பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளட்டும். சித்தேரிப் பிள்ளையை நாள்தோறும் பார்ப்பவர் அவர்தானே!